மழைக்கு முன்பே தீர்ந்துபோன அரிசி

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 23 அன்று எங்கள் ஊரில் நேதாஜியின் படத்துக்கு மாலையிட்டு ஒரு சிறு கூட்டம் நடத்துவார்கள். மலேயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் சில இங்கே உண்டு. தாத்தாவோ தாத்தாவின் தம்பியோ இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அந்தக் கூட்டத்தில் பேசுகிற பெரியவர் ஒருவர் ஆண்டு தவறாமல் ஒன்றைச் சொல்வார்: "நேதாஜியும் தோக்கல, ஜப்பான்காரனும் தோக்கல தம்பி, மழைதான் தோக்கடிச்சுது. பத்து நாள் தள்ளிப் பேஞ்சிருந்தா இம்பால் நம்ம கையில, அப்புறம் டில்லி எவ்வளவு தூரம்?" கூட்டம் கைதட்டும். நெல்லும் அரிசியும் கிடங்குக்கு வருவதையும் போவதையும் கணக்கெழுதியே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதாலோ என்னவோ, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி வேறாக இருக்கும். அந்தப் பத்து நாளும் அவர்கள் எதைச் சாப்பிட்டிருப்பார்கள்?

அந்தக் கேள்வியை அவையில் எழுப்புவது நாகரிகம் அன்று என்பதால் எழுப்பியதில்லை. ஆனால் அது மனத்தைவிட்டுப் போகவும் இல்லை. 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானின் பதினைந்தாவது ராணுவம் மூன்று டிவிஷன்களோடு பர்மாவிலிருந்து மணிப்பூருக்குள்ளும் நாகா மலைகளுக்குள்ளும் நுழைந்தது. சுமார் 85,000 பேர் கொண்ட அந்தப் படையில் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும்தான். அதுவரை ஜப்பானிய ராணுவம் தன் வரலாற்றில் தரையில் கண்டிராத பெருந்தோல்வி அது. இவ்வளவு பெரிய தோல்வியை வானத்தின் மேல் ஏற்றிவிடுவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. மழையின் மீது வழக்குப் போட முடியாது. மழை மறுத்துப் பேசவும் வராது.

கிடங்குக் கணக்கு

கோஹிமாவை நோக்கிச் சென்றது 31ஆவது டிவிஷன். அதன் தளபதி சாட்டோ கோட்டோகு. மார்ச் 15ஆம் தேதி இரவு சிந்த்வின் ஆற்றைக் கடந்த அவருடைய வீரர்கள், வண்டி போக வழியில்லாத மலைத்தடங்களில் ஏறி இறங்கி, ஏப்ரல் 4 அன்று கோஹிமாவின் விளிம்பைத் தொட்டார்கள். இருபது நாட்கள். போர்க்கலையை அறிந்தவர்கள் இன்றும் வியக்கும் நடை அது. ஒவ்வொரு வீரனின் முதுகிலும் இருந்தது ஏறத்தாழ மூன்று வாரத்துக்கான உணவு. ஆக, கோஹிமாவின் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாளும் பையிலிருந்த அரிசி அடிமட்டத்தைத் தொட்ட நாளும் ஏறக்குறைய ஒன்றே. மணிப்பூரிலும் நாகா மலைகளிலும் பருவமழை முழு வேகத்தோடு பெய்யத் தொடங்குவது மே மாதத்தின் பிற்பகுதியில். நடுவில் ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. மழையைக் குற்றஞ்சாட்டுகிறவர்கள் தாண்டிப்போவது அந்த ஆறு வாரத்தைத்தான்.

சாட்டோ ஒன்றும் அறியாமல் கிளம்பியவர் அல்லர். புறப்படுவதற்கு முன்பே அவர் உணவு பற்றிய உறுதிமொழியைக் கேட்டு வாங்கியிருந்தார். நாளொன்றுக்கு 10 டன் வந்துசேரும் என்பது தலைமையகம் அவருக்குக் கொடுத்த வாக்கு. இந்த 10 டன்னை நான் பலமுறை தாளில் எழுதிப் பார்த்திருக்கிறேன். டிவிஷனில் சுமார் 15,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அரிசி என்று வைத்தாலே 9 டன் ஆகிறது. மிச்சமிருக்கும் ஒரு டன்னுக்குள் உப்பும் மருந்தும் தோட்டாவும் பீரங்கிக் குண்டும் அடங்க வேண்டும். அதாவது கொடுத்த வாக்கு முழுமையாக நிறைவேறியிருந்தாலும் அது சோற்றுக்கு மட்டுமே போதுமாக இருந்திருக்கும்.

அந்த 10 டன் எப்படி வந்துசேரும்? லாரி போகும் சாலை அந்தப் பக்கம் இல்லை. மாட்டின் முதுகில் 50 கிலோ ஏற்றினால் நாளொன்றுக்கு 200 மாடுகள் கோஹிமா வந்தடைய வேண்டும். போகப் பதினைந்து நாள், திரும்பப் பதினைந்து நாள் என்று தாராளமாகக் குறைத்தே கணக்கிட்டாலும் எந்த நேரத்திலும் 6,000 மாடுகள் அந்த மலைத்தடத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று மாட்டுக்கு ஓர் ஆள் என்றால் 2,000 ஆட்கள். அவர்கள் சாப்பிடுவதற்கே நாளொன்றுக்கு ஒரு டன்னுக்கு மேல் அரிசி வேண்டும். மாடுகளுக்குப் புல் எங்கே என்பது அடுத்த கேள்வி. இந்தக் கணக்கை முடிக்க ராணுவக் கல்லூரி தேவையில்லை. சந்தைக்கு நெல் ஏற்றிப்போகும் எந்த வண்டிக்காரரும் திண்ணையில் அமர்ந்தே முடித்துவிடுவார்.

பதினைந்தாவது ராணுவத்தின் தளபதி முதாகுச்சி ரென்யா இதற்கு வைத்திருந்த விடை, செங்கிஸ்கானின் படை கால்நடைகளை ஓட்டிக்கொண்டே போனதுபோல் தாமும் போவது. மாடுகள் சுமையைத் தூக்கும். சுமை தீர்ந்ததும் மாட்டையே அறுத்துச் சாப்பிடலாம். ஆயிரக்கணக்கான பர்மிய மாடுகள் இதற்காகத் திரட்டப்பட்டன. வயலில் உழுது பழகிய அந்த மாடுகளில் ஏராளமானவை சிந்த்வின் வெள்ளத்திலேயே போய்விட்டன; மீந்தவை செங்குத்தான மலைப்பாதைகளில் கால் இடறி விழுந்தன, படுத்தவை எழவில்லை. மங்கோலியப் புல்வெளியில் செல்லுபடியான ஒரு யோசனையை அரக்கான் மலைத்தொடரில் செல்லுபடியாக்க முயன்றதை நினைத்தால் சிரிப்பு வர வேண்டும்; அந்த மாடுகளுக்குப் பின்னால் நடந்த பையன்களை நினைத்தால் வரவில்லை.

மாடுகளுக்கு அப்பால் முதாகுச்சி உண்மையில் நம்பியிருந்தது எதிரியின் கிடங்கை. இம்பாலில் அரிசியும் மாவும் பெட்ரோலும் குவிந்துகிடக்கின்றன. சுற்றி வளைத்ததும் பிரிட்டிஷ் தரப்பு ஓடும். ஓடுகிறவர்கள் விட்டுப்போனதைத் தின்று நாம் மேலே போகலாம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் 1942இல் நடந்தது அதுதான். ஏப்ரல் 29, பேரரசரின் பிறந்தநாளுக்குள் இம்பால் விழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூன்று வாரத்துக்கு மட்டும் உணவு கட்டிக்கொண்டு போனது கஞ்சத்தனத்தால் நேர்ந்ததன்று. நான்காவது வாரத்துச் சோற்றை எதிரி போடுவான் என்ற நம்பிக்கையால் நேர்ந்தது.

கணக்குச் சொன்னவர்கள்

இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக் காட்டியவர் ஒருவர் இருந்தார் என்பதுதான் என்னை மிகவும் உறுத்தும் பகுதி. முதாகுச்சியின் தலைமைப் பணியாளராக இருந்த மேஜர் ஜெனரல் ஒபாத்தா போக்குவரத்துத் துறையிலேயே பழுத்தவர். மலைகளைத் தாண்டி ஒரு ராணுவத்துக்குச் சோறு போட முடியாது என்று அவர் சொன்னார். 1943இல் அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். சிங்கப்பூரிலிருந்த தென்பிராந்தியத் தலைமையகத்தில் திட்டத்தை எதிர்த்துவந்த இனாடாவும் அதே ஆண்டு இடம் மாற்றப்பட்டார். மறுத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பிறகு எஞ்சியவர்கள் தலையாட்டினார்கள். 1944 ஜனவரி 7 அன்று டோக்கியோ ஒப்புதல் கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், 1942இல் இதே முதாகுச்சி, 18ஆவது டிவிஷனின் தளபதியாக இருந்தபோது, அசாமுக்குள் நுழையும் யோசனையை நிலத்தின் கடுமையைக் காரணங்காட்டி எதிர்த்தவர். அவருடைய மனத்தை மாற்றியது 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட் தலைமையில் சுமார் 3,000 பேர் சிந்த்வினைக் கடந்து பர்மாவுக்குள் ஊடுருவிய நிகழ்ச்சி. அவர்களால் இந்தப் பக்கம் வர முடியுமானால் நம்மால் அந்தப் பக்கம் போக முடியும் என்று அவர் முடிவு கட்டினார். விங்கேட்டின் ஆட்களுக்கு விமானத்திலிருந்து உணவு போடப்பட்டது என்ற பாதி அந்தப் பாடத்திலிருந்து எப்படியோ உதிர்ந்துவிட்டது.

இன்னொரு பாடம் இம்பால் படையெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பே கிடைத்திருந்தது. பிப்ரவரியில் அரக்கான் கரையோரம் ஜப்பானியர்கள் ஏழாவது இந்திய டிவிஷனைச் சுற்றி வளைத்தார்கள். சின்ஸ்வேயா என்ற இடத்தில் எழுத்தர்களும் சமையற்காரர்களும் கழுதைக்காரர்களும் காலாட்படையோடு சேர்ந்து வளையத்துக்குள் நின்று போரிட்டார்கள். பழைய வழக்கப்படி அவர்கள் ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. பாராசூட்டில் உணவும் தோட்டாவும் இறங்கிக்கொண்டே இருந்தன. சில நாட்களுக்கான உணவோடு வந்த முற்றுகைக்காரர்கள்தான் பட்டினி கிடந்தார்கள். மாத இறுதியில் கலைந்துபோனார்கள். இம்பால் திட்டத்தின் அடித்தளமே அங்கே உடைந்துவிட்டது. உடைந்த பிறகு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், மார்ச் 8 அன்று, 33ஆவது டிவிஷன் டிட்டிம் சாலையை நோக்கிப் புறப்பட்டது. ஒரு வேலையை நிறுத்துவதற்கு வேண்டிய துணிவு அதைத் தொடங்குவதற்கு வேண்டியதைவிட எவ்வளவு பெரியது என்பதை அலுவலகங்களில் வேலைபார்த்தவர்கள் அறிவார்கள்.

அந்தப் பக்கம் நடந்தது

பிரிட்டிஷ் தரப்பில் நின்ற பதினான்காவது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம் செய்தது வெளிப்பார்வைக்குப் பின்வாங்கல். டிட்டிமில் இருந்த 17ஆவது இந்திய டிவிஷனையும் தாமு பகுதியில் இருந்த 20ஆவது இந்திய டிவிஷனையும் இம்பால் சமவெளிக்குள் இழுத்துக்கொண்டு, எதிரியின் கை நீண்டு தளரும் இடத்தில் சண்டையிடுவது அவருடைய எண்ணம். அதிலும் பிழைகள் உண்டு. 17ஆவது டிவிஷனுக்குப் பின்வாங்கும் ஆணை தாமதமாகவே போயிற்று. அது வழியெல்லாம் சண்டையிட்டுக்கொண்டே வர நேர்ந்தது. கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமெண்ட்தான் வரும் என்று ஸ்லிம் கணித்திருந்தார். முழு டிவிஷன் வந்தது. அவர் மேதை, முதாகுச்சி மூடர் என்று கதையைச் சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஸ்லிமின் பிழைகளைத் திருத்திக்கொள்ள அவகாசமும் கருவியும் இருந்தன; முதாகுச்சியின் திட்டத்தில் ஒரு பிழைக்குக்கூட இடம் வைக்கப்படவில்லை.

அந்தக் கருவி விமானம். மார்ச் 19 முதல் ஐந்தாவது இந்திய டிவிஷன், பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும், அரக்கானிலிருந்து விமானத்தில் ஏற்றப்பட்டு இம்பாலிலும் திமாப்பூரிலும் இறக்கப்பட்டது. சீனாவுக்குச் சரக்கு சுமந்துகொண்டிருந்த அமெரிக்க விமானங்களில் சிலவற்றை மவுண்ட்பேட்டன் இதற்காகத் திருப்பினார். இம்பால் சூழப்பட்டிருந்த காலத்தில் சுமார் 19,000 டன் பொருள்கள் வானத்தின் வழியே வந்தன. போரில் ஈடுபடாத சுமார் 43,000 பேர் வெளியே கொண்டுபோகப்பட்டார்கள். பின்னதை நான் முன்னதைவிடக் கூர்மையான நிர்வாகமாகக் கருதுகிறேன். வெளியேறிய ஒவ்வொருவரும் உள்ளே மிச்சமாகும் ஒரு வேளைச் சோறு. சாட்டோவுக்கு வாக்களிக்கப்பட்ட 10 டன்னை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டக்கோட்டா விமானம் ஒன்று சுமார் இரண்டரை டன் சுமக்கும். நாளொன்றுக்கு நான்கே நான்கு விமானங்கள் போதும், 31ஆவது டிவிஷன் சாப்பிட்டிருக்கும். அந்த நான்கை அனுப்பும் நிலையில் பர்மாவிலிருந்த ஜப்பான் அப்போது இல்லை.

கிடங்குகள் என்ன ஆயின? டிட்டிம் சாலையோரம் இருந்த பெரிய கிடங்கு ஒன்று ஜப்பானியர் கையில் சிக்கியது; சில நாட்களுக்குள் அதை மீண்டும் இழந்தார்கள். தாமு எல்லையோரம் மோரேயில் இருந்த கிடங்குக்கு, 20ஆவது டிவிஷன் கிளம்பும்போது தீவைத்துவிட்டுப் போனது. அங்கிருந்த கால்நடைகளையும் விட்டுவைக்கவில்லை. மோரே என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்கள் குடியேறிய ஊர், அங்காள பரமேஸ்வரி கோயில், இட்லிக் கடைகள். அதே மண்ணில்தான் 1944இல், எதிரி சமைத்து வைத்த பந்திக்கு வந்தவர்கள் சாம்பலைக் கண்டார்கள்.

கோஹிமாவில், மே மாதக் கடைசி வாரம்

கோஹிமா முற்றுகையின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. துணை ஆணையரின் டென்னிஸ் மைதானத்தின் இரு ஓரங்களிலும் இரு தரப்பும் பள்ளம் தோண்டிக்கொண்டு கையெறிகுண்டுகளை வீசிக்கொண்டதையும், சுமார் 1,500 பேர் ஒரு டிவிஷனைப் பதினைந்து நாட்களுக்கு நிறுத்தி வைத்ததையும், ஏப்ரல் 18 அன்று உதவிப் படை நுழைந்ததையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. முற்றுகை உடைந்த பிறகுதான் சாட்டோவின் உண்மையான நெருக்கடி தொடங்கியது. பிடித்த மேடுகளைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆணை. எதிரே இரண்டாவது பிரிட்டிஷ் டிவிஷனும் இந்தியப் பிரிகேடுகளும் டாங்குகளோடும் கணக்கற்ற பீரங்கிக் குண்டுகளோடும் நிற்கின்றன. பின்னாலோ எதுவும் வரவில்லை. நாகா கிராமங்களின் நெற்குதிர்களைக் காலி செய்தார்கள். அந்த மக்களின் அடுத்த அறுவடை வரையிலான உணவு அது. அதுவும் தீர்ந்தபோது புல்லையும் காட்டுக் கிழங்குகளையும் தேடினார்கள்.

மே 25 அன்று சாட்டோ மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார்: உணவும் தோட்டாவும் இல்லை, ஜூன் 1க்குள் ஏதேனும் கிடைக்கும் இடத்துக்கு டிவிஷனைக் கொண்டுபோகப் போகிறேன். மறுத்துப் பதில் வந்தது. சிந்த்வினைக் கடந்த நாளிலிருந்து ஒரு தோட்டாவும் ஒரு மணி அரிசியும் உங்களிடமிருந்து வரவில்லை என்ற பொருளில் அவர் திருப்பி எழுதினார். மாத முடிவில் மேடுகளைக் கைவிட்டார். மேலாணையை மீறி ஒரு டிவிஷன் தளபதி தன் படையைத் தானே திருப்பி அழைத்துக்கொண்டு போவது ஜப்பானிய ராணுவம் கண்டும் கேட்டும் இராத செயல்.

நான் நெடுநேரம் நின்றுவிடும் இடம் இது. சாட்டோவின் துணைத் தளபதியான மியாசாகி, சில நூறு பேரோடு சாலையோரம் பின்காவலாக விடப்பட்டு, எதிரியைத் தடுத்துத் தடுத்துத் தேய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போரிட்டுக்கொண்டிருந்த 15ஆவது டிவிஷனின் விலா சாட்டோவின் விலகலால் திறந்துபோயிற்று. ஆகவே அவரைக் கருணையின் வடிவமாக வரையவும் முடியவில்லை. முதாகுச்சி மீது அவருக்குப் பழைய பகை உண்டு. கோபம் அவருடைய முடிவில் எத்தனை பங்கு, பசித்த வீரர்களின் மீதான அக்கறை எத்தனை பங்கு என்று பிரித்தளக்க நம்மிடம் தராசு இல்லை. ஆனால் அந்த முழுப் படையெடுப்பிலும், கையிருப்பு இவ்வளவு, தேவை இவ்வளவு, ஆகவே இனி இங்கே நிற்க முடியாது என்ற மூன்று வரியை ஒரே மூச்சில் சொல்லி அதன்படி நடந்தவர் அவர் ஒருவர்தான். 33ஆவது டிவிஷனின் யானகிதா மார்ச் மாதமே நிறுத்திவிடலாம் என்று எழுதினார். எழுதிவிட்டுத் தயங்கியபடியே முன்னேறினார். 15ஆவது டிவிஷனின் யமாவுச்சி காசநோயில் உருகிக்கொண்டிருந்தார். மூவரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒரே படையெடுப்பில் மூன்று டிவிஷன் தளபதிகளும் தூக்கியெறியப்பட்ட பிறகும், தவறு அந்த மூவரிடமும்தான் என்று நம்புவதற்கு ஒருவர் தளபதியாக மட்டுமே இருக்க வேண்டும்.

சாட்டோவின் ஆட்கள் பின்வாங்கி மணிப்பூர் மலையூரான உக்ருலை அடைந்தபோது அங்கும் அரிசி இல்லை. தலைமையகத்திலிருந்து வந்த குனோமுரா, திரும்பி இம்பாலைத் தாக்கும்படி ஆணையைக் கொடுத்தார். முதலில் சோறு என்றார் சாட்டோ. அதற்குள் மழை பிடித்துவிட்டிருந்தது. மழையின் பங்கு இங்கே மிகப் பெரிது, அதை நான் மறுக்கவில்லை. ஓடைகள் ஆறுகளாயின, மலைத்தடங்கள் சேறாகி இடுப்பளவு இழுத்தன, நடக்க முடியாதவர்கள் வழியோரம் அமர்ந்தார்கள், அமர்ந்தவர்கள் எழவில்லை. வெள்ளை எலும்புகளின் சாலை என்று உயிர் பிழைத்தவர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். தோற்ற படையை மழை கொன்றது என்று சொன்னால் தலைவணங்கி ஒப்புக்கொள்வேன். மழை தோற்கடித்தது என்று சொன்னால்தான் தேதிகளை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

சாட்டோ தன்னை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தும்படி கேட்டார். நிறுத்தினால் 10 டன் பற்றியும் பேச வேண்டியிருக்கும். மருத்துவர்கள் அனுப்பப்பட்டார்கள், மனநலம் குன்றியவர் என்ற சான்றிதழோடு விவகாரம் மூடப்பட்டது.

முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது

ஜூன் 6 அன்று பர்மா முழுமைக்கும் தளபதியான கவாபே, இண்டைங்ஜி என்ற ஊரில் இருந்த முதாகுச்சியைப் பார்க்க வந்தார். கோஹிமா கைவிட்டுப் போய்ச் சில நாட்கள். இருவருக்கும் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரியும். யார் முதலில் அதைச் சொல்வது என்பது மட்டுமே மிச்சம். முதாகுச்சிக்கு வார்த்தை தொண்டை வரை வந்தும் வெளியே வரவில்லை. தன் முகத்தைப் பார்த்தே மேலதிகாரி புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். கவாபேயும் கேட்கவில்லை. கூடுதல் படைகளைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள். ஜூன் 22 அன்று கோஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் வந்த பிரிட்டிஷ் தரப்புப் படைகள் சந்தித்துச் சாலையைத் திறந்தன. படையெடுப்பை நிறுத்தும் முடிவு ஜூலைத் தொடக்கத்தில்தான் வந்தது. அந்தச் சந்திப்புக்கும் அந்த முடிவுக்கும் இடைப்பட்டது ஏறக்குறைய நான்கு வாரம். பெருமழையில், வெறும் வயிற்றோடு, மலைச்சரிவுகளில் நின்றவர்களுக்கு அந்த நான்கு வாரம் என்னவாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது, வானத்தைவிட அந்த அறையின் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஆட்கள்

எங்கள் ஊர்க் கூட்டத்தில் என்னை வாய்மூட வைப்பது எது என்று எனக்குத் தெரியும். அது கெட்ட திட்டம் என்று சொன்னால், அதில் போனவர்களின் தியாகத்தைக் குறைத்துச் சொன்னதாகக் காதில் விழும். உண்மையில் கணக்கை எடுத்துப் பார்த்தால் தியாகத்தின் கனம் கூடவே செய்கிறது. மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்களில் பெரும்பாலோர் பின்னால் அமைந்த பிரிவுகளில் இருந்தார்கள். இம்பாலுக்குப் போன முதல் டிவிஷனில் முன்னாள் பிரிட்டிஷ் இந்தியப் படையினரே மிகுதி. வளையத்துக்கு உள்ளே நின்றவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதையும், பதினான்காவது ராணுவத்துக்குப் பாலமும் பாதையும் போட்டவர்களில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள் என்பதையும் கைதட்டுகிற கூட்டம் நினைத்துப் பார்ப்பதில்லை.

போர்முனைக்குச் சென்ற இந்திய தேசிய ராணுவத்தினர் சுமார் 6,000 பேர். சண்டையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 400. நோயாலும் பட்டினியாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500. ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் சவுகத் மாலிக் கொடியேற்றிய செய்தி நமக்குத் தெரியும். இம்பால் இதோ விழப்போகிறது, சுமையைக் குறைத்துக்கொண்டு விரைந்து வாருங்கள் என்ற செய்தியை நம்பி, காந்தி ரெஜிமெண்ட் தன் கனரக ஆயுதங்களையும் பொருள்களையும் கலேவாவில் விட்டுவிட்டு, ஆளுக்கொரு போர்வையும் துப்பாக்கியும் 50 தோட்டாவுமாகப் பலேல் முனைக்கு நடந்தது மொய்ராங் அளவுக்குத் தெரிவதில்லை. மே மாதத் தொடக்கத்தில் பலேல் விமானதளத்தின் மேல் அவர்கள் தொடுத்த தாக்குதல் அந்த 50 தோட்டாவோடு தொடுத்தது. ஷா நவாஸ் கானின் ரெஜிமெண்ட் கோஹிமாவை நோக்கி அனுப்பப்பட்டு உக்ருல் பக்கம் வந்துசேர்ந்தபோது, எதிரே சாட்டோவின் ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இவர்களை மழை ஏமாற்றிற்று என்று சொல்லிவிட்டால், பொய்ச் செய்தியை அனுப்பியவர்களும் அரிசியை அனுப்பாதவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

மழை வாதத்தைவிட வலுவான ஒரு வாதம் உண்டு. அதை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோஹிமாவுக்கு அப்பால் 46 மைலில் திமாப்பூர். ரயில் முனை, பதினான்காவது ராணுவத்தின் பெருங்கிடங்கு, ஏப்ரல் முதல் வாரத்தில் காவல் மெலிந்த ஊர். சாட்டோ கோஹிமாவைச் சுற்றிக்கொண்டு நேரே அங்கே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஸ்லிமே நடுங்கியிருக்கிறார். முதாகுச்சி அதற்கு ஆணையும் கொடுத்தார். திமாப்பூர் நம் இலக்கில் இல்லை என்று கவாபே அதைத் தடுத்தார். போருக்குப் பிறகு சிங்கப்பூர்ச் சிறையிலிருந்து 1948இல் விடுதலையான முதாகுச்சி, 1962இல் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி எழுதிய கடிதத்தில், திமாப்பூர் மேல் பாய்ந்திருந்தால் வென்றிருக்கலாம் என்ற கருத்தைக் கண்டதும் புத்துயிர் பெற்றார். 1966இல் சாகும் வரை அந்தக் கருத்தைப் பேசியும் அச்சிட்டும் பரப்பினார். மழையைப் பற்றிய பேச்சைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதிலும் ஐந்தாவது வாரத்துச் சோறு எதிரியின் கிடங்கிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. மோரேயில் தீவைத்த கைகள் திமாப்பூரிலும் தீவைத்திருந்தால் 15,000 பேர் மறுநாள் எதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்ற கேள்விக்கு, ஒபாத்தா கேட்டபோது இல்லாத விடை, அந்த வாதத்திலும் இல்லை.